ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

ரெக்கார்டு நோட்டு திருத்த உட்காரும்போது எனக்கு ஒரு சின்ன விளையாட்டு உண்டு. ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் 'ரிசல்ட்' என்று தலைப்புப் போட்டு பிள்ளைகள் ஒரு வரி எழுதியிருப்பார்கள்: மேற்கண்ட புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது. எழுதி எழுதி அந்த வரி கையிலேயே ஊறிப்போயிருக்கும். அந்த வரியின் மையையும், அதற்கு மேலே இருக்கும் அவுட்புட்டின் மையையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு இரண்டும் வேறு வேறு நிறம். ரிசல்ட்டை முந்தின நாள் இரவே ஹாஸ்டலில் எழுதியாகிவிட்டது. அவுட்புட்டுக்கு நாலு விரற்கடை இடம் விட்டு வைத்திருந்து, மறுநாள் பக்கத்து சிஸ்டத்தைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். சரிபார்த்தது முதலில், இயக்கியது பிறகு.

கோபம் வருவதில்லை. நானும் அப்படி எழுதியவள்தான்.

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதின்மூன்று வருடமாக முதலாண்டுக்கு வகுப்பு எடுக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம். 2017 ரெகுலேஷன், அதாவது புதிய பாடத்திட்டத் தொகுப்பு, வரும்வரை சி என்ற நிரல்மொழி, அதிலிருந்து பைத்தான். 2017, 2021 ரெகுலேஷன்களில் மெக்கானிக்கல், சிவில், ஈ.சி.ஈ. என்று எந்தக் கிளையில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் இது உண்டு. பாடத்தின் பெயர் 'பிராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்'. பெயரில் முன்னால் நிற்பது பிராப்ளம் சால்விங். ஆனால் பிள்ளைகள் வாயில் அது வெறும் பைத்தான். டைம்டேபிளில் பைத்தான், ஸ்டாஃப் ரூமில் பைத்தான். பெயரின் முதல் பாதியை எல்லோருமாகச் சேர்ந்து செருப்போடு வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டோம்.

சிலபஸைப் போட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. முதல் யூனிட்டில் நான்கு கணக்குகள் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது, வரிசையாக அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டைச் சொருகுவது, ஒருவர் மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிப்பது, தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹனோய் கோபுரம். நாலுமே கம்ப்யூட்டர் இல்லாமல், தரையில் உட்கார்ந்து செய்யக்கூடியவை. இதைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. நடப்பது என்னவென்றால், செமஸ்டர் தாமதமாகத் தொடங்கும், அட்மிஷன் முடியாமல் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருப்பார்கள், அந்தக் குழப்பத்திலேயே முதல் யூனிட் ஓடிப்போகும். கணக்கைத் தீர்க்கும் படிவரிசையான அல்காரிதம் என்றால் என்ன, அதன் பண்புகள் யாவை என்று இரண்டு மார்க் கேள்விகளாகச் சுருங்கி நோட்டில் ஒட்டிக்கொள்ளும். 'சீக்கிரம் யூனிட் ரெண்டுக்கு வாங்க மேம், அங்கதான் புரோகிராம் இருக்கு' என்பார்கள்.

சில வருடங்களாக நான் அந்தச் சீட்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறேன்.

"யாருக்கு ரம்மி தெரியும்?" என்று கேட்பேன். மயான அமைதி. முதல் வாரம் பாருங்கள், எல்லோரும் உத்தமர்கள். கொஞ்சம் பொறுத்தால் கடைசி பெஞ்சில் ஒருவன் சிரிப்பை அடக்குவான். அவனைக் கூப்பிட்டு கையில் பதின்மூன்று சீட்டைக் கொடுத்து அடுக்கச் சொல்வேன். கண்ணிமைக்கும் நேரத்தில் அடுக்கிவிடுவான், ஊர்த் திருவிழாக்களில் வாங்கிய பயிற்சி.

"எப்படிடா செஞ்சே?"

"சும்மா, பாத்து சொருகுனேன் மேம்."

"பாத்துன்னா எதைப் பாத்தே?"

அங்கே நிற்பான். கை செய்ததை வாய் சொல்லாது. மறுபடி ஒரு சீட்டைக் கொடுத்து மெதுவாகச் செய்யச் சொல்வேன். கையில் 3, 6, 9, ராஜா இருக்கிறது; வந்தது 7. "ராஜாவைவிடச் சின்னது, அதனால ராஜாவைத் தள்ளுறேன். ஒன்பதைவிடச் சின்னது, ஒன்பதையும் தள்ளுறேன். ஆறைவிடப் பெருசு, நிறுத்திட்டேன். கெடச்ச சந்துல சொருகிட்டேன்." சரி, ரெண்டு வந்தால்? "எல்லாத்தையும் தள்ளணும்." தள்ளிக்கொண்டே போனால் எப்போது நிறுத்துவாய்? "சீட்டு தீந்துட்டா நிறுத்திடுவேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை வாங்க இருபது நிமிடம் ஆகும். மனிதனுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். சீட்டு தீர்ந்த பிறகு யார் தள்ளிக்கொண்டிருப்பார்கள்? கம்ப்யூட்டர் தள்ளும். நாலாவது யூனிட்டில் இப்படிச் சொருகி அடுக்கும் இன்சர்ஷன் சார்ட் வரும்போது, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு மேலே இரண்டு நிபந்தனை ஏன் இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று சந்து கிடைத்தது, இன்னொன்று சீட்டு தீர்ந்தது.

அவனே பின்னால் ஒருநாள், "மேம், இதுக்குப் பேர் இன்சர்ஷன் சார்ட்டா? எங்க மாமா இதத்தான் இருபது வருஷமா பண்றாரு" என்றான். மாமா அதில் சொத்தைத் தொலைத்த கதையையும் சொன்னான், அது இங்கே வேண்டாம்.

அடுத்த இடறல் சமக்குறி. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் ஒருவன், போர்டில் நான் 'எண் = எண் + 1' என்று எழுதியதும் கையைத் தூக்கினான். "ரெண்டு பக்கமும் எண்ணை அடிச்சா 0 = 1 வருது மேம்." வகுப்பு சிரித்தது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் அவனுக்குச் சமக்குறி என்றால் தராசு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறது. இங்கே அதே குறி ஒரு கட்டளை: வலது பக்கத்தை முதலில் கணக்குப் போடு, வந்ததை இடது பக்கத்துப் பெயரில் வை. மற்ற பிள்ளைகள் குழம்பாமல் இருந்தது புரிந்ததால் இல்லை, கேள்வியே எழாததால்.

இதை விளக்க நான் பல வருடம் தம்ளர் வைத்திருந்தேன். ஒன்றில் காபி, ஒன்றில் மோர். இரண்டையும் மாற்ற வேண்டும்; காலித் தம்ளர் ஒன்று வேண்டும். இந்த உதாரணத்தைச் சொல்லாத கம்ப்யூட்டர் வாத்தியார் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஒருநாள் முதல் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள்: "காபியைக் காலித் தம்ளர்ல ஊத்திட்டா பழைய தம்ளர் காலியாயிடும்ல மேம்? போர்டுல மட்டும் ஏன் ரெண்டு பேர்லயும் 5 இருக்கு?" நான் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். ஊற்றினால் காலியாகும், வேரியபிளிலிருந்து, அதாவது மதிப்பை வைத்த பெயரிலிருந்து, எடுத்தால் காலியாகாது, நகல்தான் போகும். எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்கு நான் தப்பாக ஊற்றியிருக்கிறேன் என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் எண்ணிக்கொண்டு போனேன்.

பைத்தானில் இது இன்னும் மோசம். ஒரு பட்டியலுக்கு இரண்டாவது பெயர் கொடுத்தால் நகல்கூடப் போவதில்லை. ஒரு பெயரில் மாற்றினால் இன்னொரு பெயரிலும் மாறியிருக்கும். இப்போது தம்ளரை விட்டுவிட்டு வீட்டுப் பெயருக்கு வந்துவிட்டேன். "உன்னை ஸ்கூல்ல கூப்பிடற பேர் ஒண்ணு, பாட்டி கூப்பிடற பேர் ஒண்ணு. பாட்டி உனக்கு மொட்டை போட்டுவிட்டா, ஸ்கூல் பேருல இருக்கறவனுக்கு முடி இருக்குமா?" இது இதுவரை என்னைக் கைவிடவில்லை. கைவிடும் நாள் வரும், அதற்கும் ஒரு பெண் எங்காவது உட்கார்ந்திருப்பாள்.

நான் படித்தது, சி எழுதும் பழைய மென்பொருளான டர்போ சி காலத்தில். நீலத்திரை, மஞ்சள் எழுத்து. பகா எண் கண்டுபிடிக்கும் புரோகிராமை புள்ளி, அரைப்புள்ளி பிசகாமல் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினேன், முழு மார்க். அதில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். ஹாஸ்டலில் என் அறைத் தோழி ஒருத்தி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மேலே வேரியபிள் பெயர்கள், கீழே ஒவ்வொரு வரி ஓடும்போதும் மாறும் மதிப்பு. பழையதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதை எழுதுகிறாள். "என்னடி பண்றே?" என்றேன். "நான்தான் கம்ப்யூட்டர்" என்றாள். அந்த ராத்திரிதான் நான் புரோகிராமிங் படிக்கத் தொடங்கினேன். அதற்குள் அந்தப் பாடத்தில் பாஸாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

கட்டம் போடுவதை விட்டுக்கொடுக்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. 'நேரம் வேஸ்ட், சிஸ்டத்துல ஓட்டினாலே தெரிஞ்சிடும்' என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். என்ன வந்தது என்றுதான் சிஸ்டம் சொல்லும், ஏன் வந்தது என்று சொல்லாது. மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்கும் அந்த முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் வாங்கிய மார்க்குகள் 45, 62, 38, 71. பாதிப் பேர் 'சிறியது = 0' என்று தொடங்குவார்கள். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் தொடங்கு என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு மார்க்காக எடுத்து, சிறியதைவிடச் சிறியதா என்று கேட்பது. ஓட்டினால் விடை 0. ஒரு பையன் அதை அப்படியே ரெக்கார்டில் எழுதியிருந்தான். பட்டியலில் 0 எங்கே இருக்கிறது என்று கேட்டால், "யாராவது முட்டை வாங்கியிருப்பாங்க மேம்" என்றான். எரர் வரவில்லை, சிவப்பு எழுத்து வரவில்லை, எனவே சரி. கட்டம் போடச் சொன்னேன். 45, பூஜ்யத்தைவிடச் சின்னதா? இல்லை. 62? இல்லை. 38? இல்லை. மூன்றாவது வரியிலேயே பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "யாருமே உள்ள வர முடியாது மேம், வாசல்லயே பூஜ்யம் உக்காந்திருக்கு." தொடக்கத்தில் பட்டியலின் முதல் ஆளையே உட்காரவைக்க வேண்டும் என்பதை அவனே சொன்னான்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு அடிக்கடி வரும். புரோகிராமிங் சிலருக்குத்தான் வரும், மற்றவர்களுக்குத் தலைகீழாக நின்றாலும் வராது. நானும் சில வருடம் அதை நம்பினேன், நம்பினால் நிம்மதி. அந்த நம்பிக்கைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையும் துணைக்கு இருந்தது. 2006-இல் இங்கிலாந்தில் சயீத் தெஹ்னாதி, ரிச்சர்ட் போர்னட் என்ற இருவர், புரோகிராமிங் தெரியாத மாணவர்களுக்கு முதலிலேயே ஒரு தேர்வு வைத்து, யாருக்கு வரும் யாருக்கு வராது என்று பிரித்துவிடலாம் என்று எழுதினார்கள். அந்தத் தேர்வில் பெரும்பாலும் என்ன கேள்வி தெரியுமா? நம் கணக்குப் பையன் கேட்ட அதே சமக்குறிதான். கட்டுரை உலகம் சுற்றியது. 2014-இல் போர்னட்டே அது அளவுக்கு மீறிய முடிவு என்று பகிரங்கமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெற்ற செய்தி மட்டும் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

'நம்ம பிள்ளைங்க தமிழ் மீடியம், அதான்' என்பது இன்னொரு பேச்சு. 2001-இல் மைக்கேல் மெக்ராக்கனும் அவர் கூட்டாளிகளும் சில நாடுகளில் நான்கு பல்கலைக்கழகங்களில், முதலாண்டுப் புரோகிராமிங் பாடம் படித்த 216 மாணவர்களுக்கு ஒரே வகைக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 110-க்குச் சராசரி மதிப்பெண் 22.89. அங்கே தமிழ் மீடியம் யாரும் இல்லை.

மொழி ஒரு தடையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் மொத்தமே 35. எங்கள் கல்லூரி பஸ் அதைவிட அதிக ஸ்டாப்பில் நிற்கும். வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். 'தொகை', 'யூனிட்' என்று பெயர் வைத்து நான் ஓட்டிக் காட்டும்போது வகுப்பே கைதட்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்று முழுக்கத் தமிழிலேயே ஒரு நிரல்மொழிகூட இருக்கிறது. தடை அந்த 35 சொல்லில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. இரண்டாவது யூனிட்டில் ஒரு கணக்கு, பல வேரியபிள்களின் மதிப்பைச் சுழற்ற வேண்டும். கேள்வித்தாளில் இருக்கும் 'சர்குலேட்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். புரோகிராமை வரி பிசகாமல் எழுதியவர்கள்கூட முழிப்பார்கள். வட்டம் வரைவது என்று சொன்னவர்கள் உண்டு. "பந்தியில உக்காந்திருக்கீங்க. எல்லாரும் ஒரு எலை தள்ளி உக்காருங்கன்னு சொல்றாங்க. கடைசி ஆள் எங்க போவாரு?" என்று கேட்டால், "முதல் எலைக்கு" என்று ஒரே குரலில் பதில் வரும். கணக்கு அவ்வளவுதான். அப்புறம் எழுதுவது வேறு வேலை, அதற்கு அரை மணி நேரம் போதும்.

ராய் பீ என்ற ஆய்வாளர் 1986-இல் எழுதியது ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தொடக்க நிலை மாணவர்கள் செய்யும் பலவகைத் தப்புகளுக்கும் அடியில் ஒரே தப்பு இருக்கிறது என்றார்: இயந்திரத்துக்குள் எங்கோ ஒரு மூளை ஒளிந்திருக்கிறது, நாம் சொல்ல வந்ததை அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. வாரத்துக்கு நாலு தடவையாவது நான் கேட்பேன்: "அதுக்குத் தெரியாதா மேம்?" தெரியாது கண்ணு. நீ சொன்னது மட்டும்தான் தெரியும்.

இனி கரண்ட் பில்லுக்கு வருகிறேன்.

2021 ரெகுலேஷனில் ஆய்வகத்தின் முதல் பயிற்சியிலேயே மின்கட்டணம் கணக்கிடுவது இருக்கிறது. படிகளைப் படமாக வரையும் ஃப்ளோசார்ட் போட வேண்டும். கைமாறிக் கைமாறி வரும் மேனுவலில் ஒரு கட்டணப் பட்டியல் இருக்கும், எந்த ஊர்க் கட்டணமோ. 2023-இல் சேர்ந்த பேட்ச்சுக்கு, மேனுவலை மூடிவைத்துவிட்டு நம் வீடுகளுக்கு வருகிற பில்லையே போடுவோம் என்றேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணம் அப்போது நடப்பில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய். மேலே போகப் போக 9, 10, 11.

வகுப்பு மளமளவென்று இறங்கியது. படிக்கட்டு மாதிரிதானே, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போகலாம். 500 யூனிட்டுக்கு 225, 900, 600 என்று கூட்டி 1,725 ரூபாய். 501-க்கு அதோடு எட்டு ரூபாய் சேர்த்து 1,733. நானும் ஒரு ரவுண்டு வந்து, இன்டென்ட், அதாவது வரியின் தொடக்க இடைவெளி, சரியில்லாதவர்களை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன்.

செய்யாறு பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள்.

"501-க்கு இது தப்பு மேம்."

"எப்படிம்மா தெரியும்?"

"ஐந்நூறைத் தாண்டுனா கதையே வேற. எங்கம்மா தெனம் மீட்டரைப் பாப்பாங்க."

அவள் சொன்னது சரி. அன்றைய கட்டணத்தில் 101-லிருந்து 200 வரைக்குமான 2.25 என்ற பாதி விலை, 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. அப்படியானால் 501-க்கு 1,350, 600, 8 சேர்த்து 1,958 ரூபாய். அந்த ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை எட்டு ரூபாய் இல்லை, 233 ரூபாய். வகுப்பில் யாரும் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, 'அட ஆமா' என்றார்கள். ஆய்வகத்தில் போன் கூடாது என்பது விதி. அன்று எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"சரி, அப்ப புரோகிராமை எப்படி மாத்தலாம்?" என்று அவளையே கேட்டேன். கீபோர்டுப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா என்ன பண்ணுவாங்கன்னா, முதல்ல ஐந்நூறைத் தாண்டுச்சான்னுதான் பாப்பாங்க. தாண்டலன்னா ஒரு கணக்கு, தாண்டுனா வேற கணக்கு. நாம அதைக் கடைசியா பாக்கறோம் மேம், அதான்."

எட்டாவது, பத்தாவது தாண்டாத ஓர் அம்மா, எந்த நிபந்தனையை முதலில் கேட்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வகுப்பு முழுக்க ஃப்ளோசார்ட்டை அடித்துவிட்டுத் திரும்ப வரைந்தது. மேலே 'ஐந்நூறைத் தாண்டியதா?' என்று கேட்கும் ஒரே ஒரு சாய்சதுரம், அதிலிருந்து இரண்டு கிளை. எந்தெந்த எண்ணை வைத்துச் சோதிப்பது என்று கேட்டபோது 150, 250 என்று பத்திரமான எண்களாகச் சொன்னார்கள். அவள் மட்டும் 100, 101, 500, 501 என்றாள். டெஸ்டிங் என்று தனியாக ஒரு பாடம் உண்டு. அதில் எல்லை மதிப்புகள் என்று ஒரு தலைப்பும் உண்டு.

அதோடு முடியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு ஈ.பி. கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகப் புரோகிராமில் போட்டுப் பார்த்தாள். 412 யூனிட், 1,197 ரூபாய், கார்டிலும் அதே. 480 யூனிட், 1,605, அதே. மேலே போனாள். 2022 ஜூனில் 390 யூனிட்டுக்கு கார்டில் 800 ரூபாய், புரோகிராமில் 1,080. முகம் விழுந்துவிட்டது. திரும்பத் திரும்ப ஓட்டினாள், கட்டம் போட்டாள், தப்பு கிடைக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றும் சொல்லவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, "தேதி மேம்" என்றாள். "அப்ப ரேட் வேற." பழைய கட்டணத்தைத் தேடி எடுத்து, 30 ரூபாய் நிலைக்கட்டணமும் சேர்த்துக் கையாலேயே போட்டாள். 800 வந்தது. புரோகிராம் தப்பில்லை, அதற்குத் தேதி தெரியாது.

அடுத்த வாரம் ரெக்கார்டு கொண்டுவந்தாள். மின்கட்டணப் பயிற்சிக்குப் பிறகு, சிலபஸில் இல்லாத ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. என்ன இது என்றேன்.

"அம்மா போன வாரம் கேட்டாங்க மேம். அண்ணனுக்குக் கல்யாணமாகி மாடியில ஏசி போட்டிருக்கோம். போன ரீடிங்லருந்து 48 நாள்ல 431 யூனிட் ஆயிடுச்சு. அப்ப இன்னும் 12 நாள் இருந்துச்சு. தாண்டுமா தாண்டாதான்னு உன் கம்ப்யூட்டர்கிட்ட கேளுன்னாங்க."

கட்டணம் போடும் புரோகிராமுக்கு அந்தக் கேள்வி புரியாது. அவள் புதிதாக ஒன்று எழுதியிருந்தாள், மொத்தம் ஒன்பது வரி. நாளுக்கு ஏறக்குறைய 9 யூனிட் ஆகிறது. இப்படியே போனால் 60-ஆவது நாள் 538-ஐத் தாண்டும். 500-க்குள் நிற்க வேண்டுமானால் மிச்சமிருக்கும் 69 யூனிட்டை 12 நாளுக்குப் பிரிக்க வேண்டும், நாளுக்கு 5.75. கீழே ஒரு வரி: ஏசி ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும். அது அண்ணியோடு பேசி முடிவானதாம். அந்தப் பேச்சுவார்த்தைக்கு அல்காரிதம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்தின் கடைசியில் 'ரிசல்ட்' என்று தலைப்புப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே காலி.

"இதை ஏம்மா எழுதல?"

"ரீடிங் எடுக்க இன்னும் அஞ்சு நாள் இருக்கு மேம். வந்தப்புறம் எழுதிக் காட்டுறேன்."

அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.